மார்கழி வெந்நீரும் நம் வீட்டு நோயாளியும்



டிசம்பர் பிறந்துவிட்டால் நம் பகுதியின் முகமே மாறிவிடுகிறது. மயிலாப்பூர் மாடவீதிகளில் விடியுமுன்னே கோலங்கள் மலர்கின்றன. சபாக்களில் கச்சேரிகள் தொடங்குகின்றன. சாந்தோம் பேராலயத்திலும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்திலும் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கான ஏற்பாடுகள் நடைபெறுகின்றன. தியாகராய நகர்க் கடைவீதிகளில் நடக்க இடமில்லை. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். இரண்டு பேர் வாழ்ந்த வீட்டில் எட்டுப் பேர் தங்குகிறார்கள்.

மேலைநாடுகளில் இப்பருவத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவிகளைச் சரிபார்க்குமாறு மக்களுக்கு நினைவூட்டுவது வழக்கம். குளிர்காலத்தின் குறைந்தபட்ச வெப்பநிலையே ஏறக்குறைய 22 பாகையாக இருக்கும் சென்னைக்கு அதனால் என்ன பயன் என்று தோன்றலாம். நம் வீடுகளிலும் அத்தகைய கருவி ஒன்று உண்டு. அது குளியலறைச் சுவரில், நம் தலைக்கு மேலே தொங்குகிறது. ஒரு காலத்தில் கொல்லைப்புறத்தில் செம்புத் தவலையும் விறகு பாய்லரும் செய்த வேலையை இன்று கீசர் செய்கிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் அது, மார்கழியில் விடியற்காலை முதல் இரவு வரை உழைக்கிறது. அதைப் பற்றியே இம்முறை எழுத விரும்புகிறோம்.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் எங்களிடம் அழைத்துவரப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீரிழிவு உள்ளவர். மாலை வேளைகளில் கால்வலிக்காக வெந்நீரில் பாதங்களை வைத்துக்கொள்வது அவருடைய நெடுநாள் பழக்கம். உதவிக்கு இருந்த பெண்மணி நாள்தோறும் மூன்று குவளை வெந்நீருக்கு மூன்று குவளை தண்ணீர் என்று கலந்து வைப்பார். அந்த அளவு ஒரு நாளும் பிழைத்ததில்லை.

அவ்வாண்டு மகன் குடும்பத்துடன் வந்திருந்தார். எட்டுப் பேருக்கு வெந்நீர் போதவில்லை என்று யாரோ ஒருவர் கீசரின் திருகை உச்ச அளவுக்குத் திருப்பி வைத்தார். அதைப் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று மாலையும் மூன்றுக்கு மூன்று என்றே நீர் கலக்கப்பட்டது. அம்மையார் பேரக்குழந்தைகளோடு பேசிக்கொண்டே கால் மணி நேரம் பாதங்களை நீரில் வைத்திருந்தார். இரவு படுக்கும்போதுதான் பாதம் முழுவதும் எழும்பியிருந்த கொப்புளங்களை மருமகள் கண்டார்.

"எனக்குச் சுடவே இல்லையே" என்று அம்மையார் திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மைதான். நீரிழிவினால் அவருடைய பாத நரம்புகள் உணர்வை இழந்து வெகுகாலமாகியிருந்தது. புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. இடது காலில் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று.

இதில் எவரும் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்று சொல்வதற்கில்லை. திருகைத் திருப்பியவர் அனைவருக்கும் வெந்நீர் கிடைக்க வேண்டும் என்று எண்ணினார். நீர் கலந்தவர் வழக்கத்தை மாற்றவில்லை. கணக்கைப் பார்த்தால் நடந்தது விளங்கும். மேல்நிலைத் தொட்டி நீர் 27 பாகை செல்சியஸ், கீசர் நீர் 50 பாகை என்று கொண்டால், சரிபாதியாகக் கலந்த நீர் 38 அல்லது 39 பாகையில் இருக்கும். உடலுக்கு இதமான சூடு. கீசர் நீர் 75 பாகையாக உயர்ந்தால் அதே கலவை 51 பாகையாகிவிடும். அது சில நிமிடங்களிலேயே தோலைச் சுட்டுவிடும்.

அவ்வீட்டில் ஏனைய ஏழு பேருக்கும் அந்தக் கீசர் பாதுகாப்பானதாகவே இருந்தது. அவர்கள் சூட்டை உணர்ந்தார்கள். சுட்டால் கையை இழுத்துக்கொண்டார்கள். உணரவும் விலகவும் இயலாத ஒருவருக்கு மட்டும் அது தீங்கு செய்தது. ஆகவே, வீட்டில் உள்ள வெப்பக் கருவி பாதுகாப்பானதா என்று பார்க்கும்போது, வீட்டிலேயே மிகவும் நலிந்தவரை மனத்தில் கொண்டு பாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்

நீர் கொதித்தால்தான் காயம் உண்டாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். தோல் கருகுவதற்குக் கொதிநிலை தேவையில்லை. 60 பாகை செல்சியஸ் சூடுள்ள நீர், வளர்ந்த ஒருவரின் தோலில் ஏறக்குறைய 5 நொடிகளில் ஆழ்ந்த காயத்தை உண்டாக்கும். 54 பாகையில் அதற்கு அரை நிமிடம் ஆகும். 49 பாகையில் 5 முதல் 10 நிமிடங்கள் ஆகும். 44 பாகையிலும்கூட, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு பட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துவிடும். வெந்நீர் ஒத்தடப் பையை இடுப்பின் கீழோ காலடியிலோ வைத்துக்கொண்டு உறங்கிப்போனவர்களுக்குக் காயம் உண்டாவது இதனால்தான்.

இவை நலமுடன் இருக்கும் நடுத்தர வயதினருக்குரிய அளவுகள். குழந்தையின் தோலும் முதியவரின் தோலும் மெல்லியவை. அவர்களுக்கு இதனினும் குறைந்த நேரமே போதும்.

எவரெவருக்குத் தனிக் கவனம் வேண்டும்

நீரிழிவினால் கால் மரத்துப்போனவர்கள் முதலிடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பாதங்களை வெந்நீரில் ஊறவைக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிடுவது நல்லது. கால்வலி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு வேறு சிகிச்சைகள் உள்ளன.

பக்கவாதத்தால் ஒரு பக்கம் உணர்விழந்தவர்கள், முதுகுத்தண்டில் காயமுற்றவர்கள், அறுவை சிகிச்சைக்குப் பின் தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருப்பவர்கள் ஆகியோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நினைவு மங்கிய முதியவர்கள் சூட்டை உணர்ந்தாலும் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மறந்துவிடக்கூடும். அவர்களைக் குளியலறையில் தனியே விடலாகாது.

இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்பவர்கள் மிகுந்த சூட்டில் நெடுநேரம் குளித்தால் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் தாழும். குளித்து எழும்போது தலை சுற்றி விழுவதற்கு இது ஒரு காரணம். அவர்கள் நாற்காலியில் அமர்ந்து குளிப்பதும், கதவை உட்புறம் தாழிடாமல் சாத்தி வைப்பதும் நலம்.

மருந்துகளைப் பற்றியும் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். இன்சுலின் போட்டுக்கொண்ட உடனே வெந்நீரில் குளித்தால், மருந்து வழக்கத்தைவிட விரைவாக இரத்தத்தில் கலந்து சர்க்கரை அளவு சட்டென்று தாழக்கூடும். கடும் வலிக்காக ஃபென்டனில் ஒட்டு மருந்து ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்த இடத்தில் வெந்நீரோ ஒத்தடமோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூட்டினால் மருந்து அளவுக்கு மீறி உடலில் ஏறினால் மூச்சு தளரும் அபாயம் உண்டு.

வாளிக் குளியலின் நன்மை

நம்மிடையே வழங்கும் வாளியும் குவளையும் ஒரு பெரும் பாதுகாப்பு என்பதை நாம் உணர்வதில்லை. ஷவரில் நீர் நேரே உடல்மீது விழுகிறது. வாளியில் நீரைக் கலந்து, சோதித்து, அதன்பின் உடலில் ஊற்றிக்கொள்கிறோம். நோயாளியைக் குளிப்பாட்டும்போது இம்முறையையே கடைப்பிடியுங்கள்.

முதலில் வாளியில் தண்ணீரைப் பிடியுங்கள். அதன்மீது வெந்நீரை விடுங்கள். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம். வெந்நீர் முதலில் நிரம்பிய வாளியில் ஒரு குழந்தை கையை விடுவதற்கும், தள்ளாடும் முதியவர் காலை வைப்பதற்கும் ஒரு நொடி போதும். பிறகு நீரை அடி வரை நன்றாகக் கலக்குங்கள். உங்கள் முழங்கையால் சூட்டைப் பாருங்கள். அடுப்படியில் பழகிய உள்ளங்கை சூட்டைக் குறைத்தே காட்டும். நோயாளியின் காலையோ கையையோ கொண்டு சோதிக்க வேண்டாம். 37 அல்லது 38 பாகை பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் போதுமானது. நீரின் சூட்டைக் காட்டும் எளிய வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் ஊகத்திற்கு இடமிருக்காது.

பிள்ளை பெற்ற தாயையும் கைக்குழந்தையையும் பொறுக்கும் சூட்டில் குளிப்பாட்ட வேண்டும் என்பது பல வீடுகளில் பாட்டிமார் சொல். அன்பினால் சொல்லப்படுவதுதான்; ஆயினும் குழந்தைக்குப் பொறுக்கவில்லை என்பதைக் குழந்தையால் அழுகையாக மட்டுமே சொல்ல முடியும். அறுவை சிகிச்சையால் பிள்ளை பெற்ற தாயின் தையலைச் சுற்றி உணர்வு குறைந்திருக்கும். இருவருக்கும் இளஞ்சூடே போதும்.

சுவரில் தொங்கும் கருவி

கீசருக்குள் மூன்று காவலர்கள் உண்டு. குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது பழுதானால் மின்சாரத்தைத் துண்டிப்பது வெப்பத் துண்டிப்பான். இரண்டும் தவறி உள்ளே அழுத்தம் மிகுந்தால், நீரையும் ஆவியையும் வெளியேற்றுவது அழுத்த வால்வு. நீர் ஆவியாக மாறும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேலாக விரிகிறது. அந்த விரிவுக்கு வழி இல்லாவிட்டால் தொட்டி வெடிக்கும். வால்விலிருந்து நீர் சொட்டுகிறது என்பதற்காக அதன் வாயை அடைத்துவிடுவது கருவியின் மூச்சை அடைப்பதற்கு ஒப்பாகும். சொட்டினால் காரணம் அறிந்து சரிசெய்ய வேண்டும்.

குழாயைத் திறந்ததும் நீரோடு ஆவி சீறி வருவது, தொட்டிக்குள் குமுறல் ஒலி கேட்பது, நீர் துருநிறமாக வருவது, விளக்கு அணையாமலே எரிந்துகொண்டிருப்பது ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரை அழையுங்கள்.

நம் பகுதிக்கே உரிய இடர்கள் இரண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் அடுக்ககங்களில் உப்பு மிகுந்த நீர் கீசருக்குள் செல்கிறது. சுடும் கம்பியின்மீது உப்பு சுண்ணாம்புபோல் படிந்து இறுகுகிறது. அதனால் கம்பி அளவுக்கு மீறிச் சூடேறி வெடித்து, நீரில் மின்சாரம் கசியக்கூடும். தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் தண்டும் இத்தகைய நீரில் விரைவாகக் கரைந்துபோகிறது. சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று மின் இணைப்புகளையும் திருகுகளையும் அரிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மார்கழி பிறக்கும் முன்பே, கீசரைத் திறந்து தூய்மை செய்து மெக்னீசியம் தண்டையும் மாற்றிக்கொள்வது சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.

மழை இரண்டாவது இடர். வடகிழக்குப் பருவமழையின் பின்பகுதி டிசம்பரில் வருகிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் எத்தனை வீடுகளுக்குள் நீரைக் கொண்டுவந்தன என்பதை நம்மில் எவரும் மறக்கவில்லை. நீர் புகுந்த வீட்டிலும், குளியலறைச் சுவர் ஊறியிருக்கும் வீட்டிலும், மின்பணியாளர் பார்த்துச் சொல்லும் வரை கீசரைப் போட வேண்டாம்.

மின்சாரத்தின் கணக்கு

2,000 வாட் திறனுள்ள கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். உடனடி வெந்நீர் தரும் 3,000 வாட் கருவி 13 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் உரிய சிறிய பிளக் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் சாக்கெட்டும், அதற்கேற்ற தடித்த கம்பியும், எர்த் என்று வழங்கும் நில இணைப்பும் இன்றியமையாதவை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள பழைய கட்டடங்களில் நில இணைப்பு பெயரளவில் மட்டும் இருப்பதுண்டு. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மின்கசிவைக் கண்டதும் நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, வீட்டு மின்பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் வகை வீடுகளுக்கு ஏற்றது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே துண்டிக்கவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். அடிக்கடி துண்டிக்கிறதே என்று சலித்து அதை நீக்கிவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுப்பவர்கள் உண்டு. அது காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பது போன்றது.

குளிக்கச் செல்லும் முன் கீசரின் சுவிட்சை அணைத்துவிடுவது நம் வீடுகளில் உள்ள நல்ல பழக்கம். கூட்டம் மிகுந்த விடுமுறை நாள்களில் இப்பழக்கம்தான் முதலில் தவறிப்போகிறது.

வாளியில் போடும் ஹீட்டர் ராடு இன்றும் பல வீடுகளில் உண்டு. நோயாளி உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது. தவிர்க்க இயலாதபோது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள். இரும்பு, எவர்சில்வர் வாளிகளில் போட வேண்டாம். அதில் குறித்துள்ள அளவுக்கு நீர் நிறைந்தபின்பே சுவிட்சைப் போடுங்கள். நீர் சுட்டுவிட்டதா என்று பார்க்க விரலை விடுமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும் நீரில் விரலை விட்டு உயிரிழந்தவர்கள் பலர்.

ஒருவரை மின்சாரம் தாக்கிவிட்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அதற்கு வழியில்லையெனில் உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரை விலக்கிவிட்டு 108-ஐ அழையுங்கள்.

தொட்டியில் தேங்கிய நீர்

சுடுகிறது என்பதற்காகக் கீசரை எப்போதும் மிகக் குறைந்த சூட்டிலேயே வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு மாநாட்டில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலரை நுரையீரல் காய்ச்சல் தாக்கியதைத் தொடர்ந்து, லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் அடையாளம் காணப்பட்டது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில், அதாவது 20 முதல் 45 பாகை வரையிலான சூட்டில், அது பெருகும். 60 பாகையில் மடியும். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்களும், மாற்று உறுப்புப் பெற்றவர்களும், நுரையீரல் நலிந்தவர்களும் அதற்கு எளிதில் இரையாவார்கள்.

அத்தகையவர் உள்ள வீட்டில் தொட்டி நீரை 60 பாகை வரை காயவைத்து, வாளியில் தண்ணீருடன் கலந்து இளஞ்சூடாக்கிப் பயன்படுத்துவது முறை. ஊருக்குச் சென்று பல நாள்கள் கழித்துத் திரும்பினால், கீசரை நன்கு காயவைத்து, நோயாளி அருகில் இல்லாதபோது குழாய்களையும் ஷவரையும் சில நிமிடங்கள் திறந்துவிட்ட பிறகு பயன்படுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

சில வீடுகளில் சமையல் எரிவாயுவால் இயங்கும் கீசர் உள்ளது. எரிவாயுவோ கரியோ விறகோ போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி, எழுந்து கதவைத் திறக்கும் வலிமையையும் அது பறித்துவிடும்.

எரிவாயு கீசரைக் குளியலறைக்குள் பொருத்தக் கூடாது. காற்றோட்டமான வெளிப்புறத்தில் பொருத்தி, வெந்நீரைக் குழாய்வழியே உள்ளே கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருந்தால், இந்த வாரமே இடம் மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

விடுமுறைக்குக் கொடைக்கானலோ உதகையோ செல்லும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். குளிருக்கு இதமாகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவையும் சன்னலையும் அடைத்து உறங்கியவர்கள் விடியலில் பிணமாகக் காணப்பட்ட துயரங்கள் நம் மலைநகரங்களில் நடந்திருக்கின்றன. தழல் அவிந்து சாம்பல் பூத்த கரியும் இந்த வாயுவை வெளிவிடும். அறைக்குள் கரி வேண்டவே வேண்டாம். கம்பளியும் கையுறையும் போதும்.

இவ்வாயுவுக்கு ஆட்பட்டவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்ததாகவே காட்டும். மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுப்பதே சிகிச்சை.

நட்சத்திரமும் மெழுகுத்திரியும் ஆக்சிஜனும்

வாசலில் காகித நட்சத்திரம், குடிலைச் சுற்றிச் சீரியல் விளக்குகள், மெழுகுத்திரி. அடுத்த வீட்டில் மார்கழி விளக்கு. இவை நம் தெருக்களுக்கு அழகு சேர்ப்பவை. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ ஆக்சிஜன் செறிவூட்டியோ பயன்படுத்தும் நோயாளி இருந்தால், அவரது அறையில் மட்டும் சுடர் எதுவும் வேண்டாம். ஆக்சிஜன் தானே எரியாது; எரிவதைப் பன்மடங்காக்கும். துணியிலும் தலைமுடியிலும் படிந்த ஆக்சிஜன் சிறு பொறியையும் பெருந்தீயாக்கிவிடும். பூசையறை விளக்கும் ஊதுவத்தியும் அவ்வறைக்கு வெளியே, குறைந்தது பத்தடி தள்ளி இருக்கட்டும். ஆக்சிஜன் குழாய் மாட்டியிருக்கும்போது முகத்தில் எண்ணெயும் தைலமும் தடவ வேண்டாம்.

ஆக்சிஜன் செறிவூட்டி, காற்று மெத்தை போன்ற கருவிகளுக்குச் சுவரிலுள்ள சாக்கெட்டில் தனி இடம் ஒதுக்குங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செறிவூட்டி, அலங்கார விளக்கு, கெட்டில் என்று மூன்றையும் மாட்டினால், கெட்டிலின் சுமையால் பெட்டி துண்டிக்கும்போது மூச்சுக்கான கருவியும் நின்றுவிடும்.

காயம் பட்டுவிட்டால்

குழாயைத் திறந்து, ஓடும் சாதாரண நீரில் காயத்தை 20 நிமிடங்கள் காட்டுங்கள். இதுவே முதல் மருந்து. காயம் பட்டு மூன்று மணி நேரத்திற்குள் செய்தாலும் பயன் உண்டு. பனிக்கட்டி வைக்க வேண்டாம். மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றை வீங்குமுன் கழற்றிவிடுங்கள். மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் தடவாதீர்கள். அவற்றைச் சுரண்டி எடுப்பதே பிறகு நோயாளிக்கு இரண்டாவது வேதனையாகிறது. கொப்புளத்தை உடைக்காமல், தூய ஈரமற்ற துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள். குழந்தை, முதியவர், நீரிழிவு உள்ளவர் ஆகியோருக்குக் காயம் எவ்வளவு சிறியதாயினும் மருத்துவர் பார்க்க வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகிய இடங்களில் பட்ட காயத்திற்கும், மின்சாரத்தால் உண்டான காயத்திற்கும் இது பொருந்தும். பெருங்காயங்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தனிப் பிரிவு இயங்கிவருகிறது.

ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்

தொடக்கத்தில் சொன்ன அம்மையார் இப்போது நலமாக இருக்கிறார். பாதப் பரிசோதனைக்காக எங்களிடம் தவறாமல் வருகிறார். அவர் வீட்டுக் கீசர் சுவிட்சின் அருகே ஒரு காகிதம் ஒட்டியிருப்பதாக மருமகள் சொன்னார். கீசரின் திருகு எந்த நிலையில் இருக்க வேண்டும், அதை மாற்றும் உரிமை யாருக்கு என்ற இரண்டு செய்திகள் மட்டும் அதில் உள்ளனவாம். விருந்தினர் வந்ததும் முதலில் அதைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் குளியலறையைக் காட்டுகிறார்களாம்.

அதையே உங்களுக்கும் பரிந்துரைக்கிறோம். மருந்து கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பதுபோல், வெந்நீரின் பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். விருந்தினர் எத்தனை பேர் வந்தாலும் நோயாளி குளித்த பிறகு மற்றவர்கள் குளிக்கட்டும். அவசரத்தில் தேடாமலிருக்க, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எரிவாயுக் கசிவு 1906 என்னும் மூன்று எண்களையும் அதே காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். ஐயம் ஏதும் இருந்தால், அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் அனைவருக்கும் எங்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.